பணமா, மதிலா, வெளியேற்றமா? குஸ்ரோவின் படை வாசலுக்கு வந்தபோது எது நல்ல முடிவு

ரோம–பாரசீகப் போர்களைப் படிப்பவர்கள் 540-ஆம் ஆண்டுக்கு வந்ததும் ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த ஒரே கோடையில் சிரியாவின் நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாரசீகப் பேரரசர் முதலாம் குஸ்ரோவின் படையை எதிர்கொண்டன. சில நகரங்கள் பணம் கட்டித் தப்பின. சில பணம் கட்டியும் சூறையாடப்பட்டன. கிழக்கு ரோமின் பெருநகரங்களில் ஒன்றான அந்தியோக்கியா சண்டையிட்டு எரிந்து போனது. கேட்ட பணத்தைக் கொடுத்திருக்கலாமே என்கிறார்கள் ஒரு சாரார். கொடுத்தவர்களையும் அவன் ஏமாற்றினானே, எதிர்த்ததில் என்ன தப்பு என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டுக்கும் சான்று இருக்கிறது. அதனால் நகரத்துப் பெரியவர்கள் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எப்போது பலித்தது என்று பார்ப்பதுதான் சரி.

முதலில் பின்னணி. 532-இல் பேரரசர் ஜஸ்டினியன் 11,000 ராத்தல் தங்கம் கொடுத்துப் பாரசீகத்தோடு 'முடிவில்லாச் சமாதானம்' செய்துகொண்டார். ரோமானிய ராத்தல் ஏறத்தாழ 327 கிராம். எட்டே ஆண்டுகளில் அந்தச் சமாதானம் முறிந்தது. ரோமானியரின் சிறந்த படைகளும் தளபதி பெலிசாரியஸும் அப்போது இத்தாலியில் இருந்தார்கள். அங்கே நெருக்கப்பட்டுக் கிடந்த கோத் மன்னன் விட்டிகிஸ், கிழக்கே ஒரு போரைத் தொடங்கச் சொல்லிக் குஸ்ரோவுக்குத் தூது அனுப்பியிருந்தான். குஸ்ரோ யூப்ரடீஸ் ஆற்றங்கரை வழியாக வந்தான். சிரியாவைப் பிடித்து ஆள்வது அவன் நோக்கமாகத் தெரியவில்லை. பணமும் கைதிகளும்தான் அவனுக்கு வேண்டியிருந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதாகப் புரியும்.

## எதை வைத்து எடைபோடுவது

மதில் முதலாவது. உயரமும் கனமும் மட்டும் போதாது, அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதும் முக்கியம். இரண்டாவது, உள்ளே இருக்கும் சிப்பாய்கள் கடைசிவரை நிற்பார்களா என்பது. மூன்றாவது, தண்ணீர். முற்றுகை என்றால் எல்லோரும் தானியத்தைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் இந்த வறண்ட எல்லைப்பகுதியில் தண்ணீர்தான் முதலில் தீர்ந்தது, உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும்.

நான்காவது, எதிரிக்கு எவ்வளவு அவசரம் என்பது. ஊரைவிட்டு வெகுதூரம் வந்த படை ஒரே மதிலின் முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்தால் அந்த ஆண்டின் போர்க்காலம் போய்விடும். 359-இல் பாரசீகப் பேரரசர் இரண்டாம் ஷாப்பூர் ரோமானிய எல்லை நகரமான அமிதாவை 73 நாள் முற்றுகையிட்டுப் பிடித்தார். பிடித்தபோது இலையுதிர்காலம் வந்துவிட்டது. ரோமானிய மாகாணங்களுக்குள் ஆழமாக நுழையும் திட்டம் அதோடு நின்றது. அமிதா விழுந்தாலும் அதன் பின்னால் இருந்த நகரங்கள் பிழைத்தன.

ஐந்தாவதைப் பலர் கவனிப்பதில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது? நகரத்தாரிடமா, பிஷப்பிடமா, தளபதியிடமா, ரோமானியத் தலைநகர் கான்ஸ்டான்டினோப்பிளில் இருந்து வந்த தூதரிடமா? அந்தியோக்கியாவை முக்கியமாகக் கெடுத்தது இந்தக் குழப்பம்தான் என்று நினைக்கிறேன்.

## முதல் வழி: பணம் கொடுத்து அனுப்புவது

540-இல் நடந்ததைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

| நகரம் | கொடுத்தது | பிறகு நடந்தது |
|---|---|---|
| சூரா | பிஷப் வெளியே வந்து பேரம் பேசினார் | கதவு திறந்தபோது படை நுழைந்தது. நகரம் எரிந்தது |
| ஹிராபோலிஸ் | 2,000 ராத்தல் வெள்ளி | தப்பியது |
| பெரோயா (இன்றைய அலெப்போ) | கேட்டது 4,000 ராத்தல் வெள்ளி. கொடுத்தது 2,000 | நகரில் பெரும்பகுதி எரிந்தது. மக்கள் உயிர் தப்பினர் |
| அபாமியா | பேசியது 1,000 ராத்தல் வெள்ளி | உள்ளே வந்து கருவூலத்தையே எடுத்துக்கொண்டான் |
| கால்கிஸ் | 200 ராத்தல் தங்கம் | தப்பியது |
| எதெஸ்ஸா | 200 ராத்தல் தங்கம் | தப்பியது |
| தாரா | 1,000 ராத்தல் வெள்ளி | முற்றுகைக்குப் பின் விலகினான் |

குஸ்ரோ வாக்குத் தவறியவன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அட்டவணையை மறுபடி பாருங்கள். அவன் ஏமாற்றிய இரண்டு இடங்களிலும் கதவு திறந்திருந்தது. சூராவில் முதல் நாள் சண்டையிலேயே காவல் தளபதி அர்சாகிஸ் அம்பு பட்டு இறந்துவிட, பயந்துபோன மக்கள் பிஷப்பை அனுப்பினார்கள். குஸ்ரோ கனிவாகப் பேசி, மரியாதைக்கு வழியனுப்புவதுபோல் தன் ஆட்களையும் கூடவே அனுப்பினான். பிஷப் உள்ளே நுழைந்ததும் கதவை மூடப் பார்த்தார்கள். முடியவில்லை. கூட வந்தவர்கள் வாசற்படியில் ஒரு கட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். கதவு அதில் முட்டி நின்றது, பின்னால் வந்த படை உள்ளே பாய்ந்தது. அபாமியாவிலும் பிஷப் தாமஸ் கதவைத் திறந்துவிட்டார். 1,000 ராத்தல் வெள்ளிக்கு ஒப்புக்கொண்டு உள்ளே போன குஸ்ரோ 10,000 ராத்தலுக்கு மேல் அள்ளிக்கொண்டான்.

ஹிராபோலிஸ், கால்கிஸ், எதெஸ்ஸா, தாரா நான்கிலும் மதில் கைவிட்டுப் போகாமலே பேரம் முடிந்தது. அங்கெல்லாம் வாங்கியதை வாங்கிக்கொண்டு போய்விட்டான். கால்கிஸ்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். உள்ளே இருக்கும் சிப்பாய்களை ஒப்படைக்கச் சொன்னபோது, அவர்களை அறைகளில் ஒளித்துவைத்துவிட்டு, ஒருவரும் இல்லை என்று சத்தியம் செய்தார்கள். ஆக, பணம் கொடுக்கலாமா என்பதைவிட, கதவை மூடிவைத்துக்கொண்டு கொடுக்க முடியுமா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

இந்த வழியின் மறைமுகச் செலவுகளில் மிக மோசமானது கடன். சூராவில் பிடிபட்ட 12,000 பேரை விடுவிக்க 200 ராத்தல் தங்கம் கேட்டான் குஸ்ரோ. பக்கத்து ஊரான செர்கியோபோலிஸின் பிஷப் காண்டிடஸ் கையில் காசில்லை. ஓராண்டுக்குள் கட்டுகிறேன், தவறினால் இரட்டிப்பாகக் கட்டி, பதவியையும் விடுகிறேன் என்று எழுதிக்கொடுத்து மீட்டார். மீண்டவர்களில் பெரும்பாலோர் பட்ட துன்பம் தாங்காமல் கொஞ்ச நாளில் இறந்துபோனார்கள். ஜஸ்டினியனிடம் கேட்டும் பணம் வரவில்லை. 542-இல் குஸ்ரோ மறுபடி வந்தபோது காண்டிடஸ் கெஞ்சப் போய்ச் சித்திரவதைப்பட்டார். அவர் சொல்லி ஊர்த் தேவாலயத்துப் பொருள்களைக் கொடுத்தும் குஸ்ரோவுக்குத் திருப்தி இல்லை, 6,000 பேரை அனுப்பி ஊரையே முற்றுகையிட்டான். உள்ளே இருந்தது 200 சிப்பாய்கள். ஊர் பிழைத்தது முற்றுகையிட்டவர்களுக்குத் தண்ணீர் தீர்ந்ததால்தான். மேலிடம் கைகொடுக்கும் என்று நம்பி ஒரு பிஷப் தன் பெயரில் எழுதிக்கொடுத்ததற்கு ஊரே விலை கொடுக்க வேண்டி வந்திருக்கும்.

இன்னொரு செலவு, எதிரியின் நிலை தெரியாமல் அதிகமாகக் கொடுப்பது. இது ரோமானியர் முற்றுகையிடும் பக்கம் இருந்தபோதும் நடந்தது. 503-இல் பாரசீகர் பிடித்த அமிதாவை மீட்க அவர்கள் நெடுநாள் போராடி, கடைசியில் 1,000 ராத்தல் தங்கம் கொடுத்து வாங்கினார்கள். உள்ளே போய்ப் பார்த்தபோது பாரசீகக் காவல்படையிடம் ஏழு நாள் சாப்பாடுதான் மிச்சம் இருந்ததாகப் புரொக்கோப்பியஸ் எழுதுகிறார். 540-இன் கதையை நமக்கு விரிவாகச் சொல்பவரும் அவரே. பெலிசாரியஸிடம் செயலாளராக இருந்தவர்.

## இரண்டாம் வழி: கதவை மூடி எதிர்ப்பது

இந்த வழிக்கு நல்ல உதாரணம் எதெஸ்ஸா, 544. இன்றைய துருக்கியின் உர்ஃபா நகரம் அது. நான்கு ஆண்டு முன்னால் 200 ராத்தல் தங்கம் கட்டிய அதே ஊர் இந்த முறை எதிர்த்தது.

குஸ்ரோ மரம், கல், மண் எல்லாம் போட்டு மதிலை நோக்கி ஒரு பெரிய மேட்டை எழுப்பத் தொடங்கினான். மதிலைவிட உயர்ந்துவிட்டால் மேலிருந்து நகரத்துக்குள் அம்பு விடலாம், அப்படியே உள்ளேயும் இறங்கலாம். உள்ளிருந்தவர்கள் பயந்து, மருத்துவர் ஸ்டீபனைத் தூது அனுப்பினார்கள். குஸ்ரோவின் தந்தை கவாதுக்கு ஒருகாலத்தில் வைத்தியம் பார்த்தவர் என்பதால் கொஞ்சம் இரங்குவான் என்று எதிர்பார்த்தார்கள். இரங்கவில்லை. இரண்டு தளபதிகளை ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் 50,000 ராத்தல் தங்கம் கட்ட வேண்டும், அதுவும் முடியாவிட்டால் என் ஆட்கள் உள்ளே வந்து இருப்பதையெல்லாம் தேடி எடுத்துக்கொள்வார்கள் என்றான்.

அப்புறம்தான் எதெஸ்ஸாக்காரர்கள் மண்ணுக்குள் இறங்கினார்கள். மதிலுக்கு அடியிலிருந்து மேட்டின் அடிவரை சுரங்கம் வெட்டினார்கள். முதல் முயற்சியைச் சத்தத்தை வைத்துப் பாரசீகர் கண்டுபிடித்துவிட்டார்கள். உடனே அந்தப் பகுதியை மண் போட்டு மூடிவிட்டு, மேட்டின் நகரப்பக்க முனைக்குக் கீழே ஓர் அறை தோண்டினார்கள். தேவதாரு எண்ணெய், கந்தகம், நிலக்கீல் ஊறிய காய்ந்த கட்டைகளை அதில் அடுக்கித் தீ வைத்தார்கள். புகை மேட்டுக்கு வெளியே கசியத் தொடங்கினால் எதிரிக்குத் தெரிந்துவிடுமே? அதற்காக மதில் மேலிருந்து நெருப்புச் சட்டிகளையும் தீயம்புகளையும் மேட்டின் மேல் விடாமல் எறிந்தார்கள். காவலுக்கு நின்ற பாரசீகர் அந்தத் தீயை அணைப்பதிலேயே மும்முரமாக இருந்தார்கள். விடியற்காலையில் குஸ்ரோ நேரில் வந்து பார்த்த பிறகுதான் நெருப்பு அடியில் இருப்பது புரிந்தது. மண்ணும் தண்ணீரும் கொட்டியும் பயனில்லை, உள்ளே பிடித்த தீ மேட்டைத் தின்றுகொண்டே போனது.

கடைசித் தாக்குதலில் பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும் கல் சுமந்து கொடுத்தார்கள். எண்ணெயைக் கொதிக்கவைத்து ஏணியில் ஏறுபவர்கள் மேல் தெளித்தார்கள். குஸ்ரோ கடைசியில் 500 ராத்தல் தங்கத்துக்குச் சம்மதித்துக் கிளம்பினான். கேட்டது 50,000, கிடைத்தது அதில் நூற்றில் ஒரு பங்கு. எதெஸ்ஸா எதிர்க்கவும் செய்தது, பணமும் கட்டியது. எதிர்த்த பிறகு கட்டியதால்தான் விலை அந்த அளவுக்கு இறங்கியது.

அப்படியானால் எல்லா நகரமும் எதிர்த்திருக்க வேண்டியதுதானே? பெரோயாவைப் பாருங்கள். பாதிப் பணத்தைக் கட்டிவிட்டு மீதி இல்லை என்று சொன்னவர்கள், இரவோடு இரவாகக் குன்றின் மேல் இருந்த உட்கோட்டைக்குள் ஏறிக்கொண்டார்கள். அங்கே இருந்தது ஒரே ஒரு ஊற்று. போகும்போது குதிரைகளையும் மற்ற கால்நடைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவை குடித்தே ஊற்று வற்றிவிட்டது. பிஷப் மெகாஸ் வந்து குஸ்ரோவிடம் அழுது மன்றாடி உயிர்ப்பிச்சை வாங்க வேண்டியிருந்தது. இறங்கி வந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் பாரசீகர் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். அரசு அவர்களுக்கு நெடுநாளாகச் சம்பளமே கொடுக்கவில்லை. மதிலைப் பார்த்து எதிர்க்க முடிவெடுப்பவர்கள் மதில் மேல் நிற்பவனுக்குக் கடைசியாக எப்போது சம்பளம் போனது என்றும் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பு ஒரே ஒரு இரவில் தோற்றதற்கு உதாரணம் 503 ஜனவரியில் விழுந்த அமிதா. முறையான காவல்படை இல்லாமலே ஊர் மக்கள் ஏறத்தாழ மூன்று மாதம் தாக்குப்பிடித்தார்கள். கவாது எழுப்பிய மேட்டையும் அடியில் குடைந்து சரித்தார்கள். கடைசியில் துறவிகள் காவல் காத்த ஒரு கோபுரத்தில், திருவிழா இரவில் அவர்கள் அயர்ந்து தூங்கியபோது பாரசீகர் ஏறிவிட்டார்கள். எதிர்த்து நின்று விழுந்த நகரத்துக்குக் கருணை கிடையாது என்பது அக்காலப் போர் வழக்கம். படுகொலை பயங்கரமாக இருந்தது. இதுதான் இந்த வழியின் உண்மையான விலை. பணம் கொடுத்துத் தவறினால் சொத்து போகும், எதிர்த்துத் தவறினால் எல்லாமே போகும்.

## மூன்றாம் வழி: மரியாதையாக ஒப்படைத்துவிடுவது

இதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 502-இல் கவாது ஆர்மீனியப் பகுதியில் இருந்த மார்ட்டிரோபோலிஸுக்கு வந்தபோது அதன் மதில் 4 அடி கனம், 20 அடி உயரம்தான். ஏணி வைத்தாலே ஏறிவிடலாம். ஆளுநர் தியோடோர் தன் பதவிக்குரிய உடையை அணிந்து, இரண்டு ஆண்டு வரிப்பணத்தையும் எடுத்துக்கொண்டு, நகரத்தாரோடு நேராகப் போய்க் கவாதின் முன் நின்றார். ஊரைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்ட கவாது அதைத் தொடவில்லை. தியோடோரையே ஆளுநராக விட்டுவிட்டுப் போனான். பேரரசர் அனஸ்தாசியஸும் அவரைத் தண்டிக்கவில்லை. அந்த மதிலை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்திருக்க முடியும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

எதிரி கொள்ளைக்கு வராமல் ஆள்வதற்கு வந்திருந்தால்தான் இது பலிக்கும். கவாது அந்த ஊரைத் தன் நாட்டோடு சேர்க்க நினைத்தார், அதனால் அழிக்கவில்லை. 540-இல் குஸ்ரோவுக்கு அப்படி ஒரு நோக்கம் இல்லாததால் திறந்துவிட்ட அபாமியா காலியானது.

## நான்காம் வழி: ஊரைவிட்டு வெளியேறுவது

நேரம் இருந்தால் உயிருக்கு மிகப் பாதுகாப்பான வழி இதுதான். ஏழைகளுக்கு மிகக் கஷ்டமான வழியும் இதுதான். 363-இல் பேரரசர் ஜோவியன் சமாதானத்துக்காக நிசிபிஸைப் பாரசீகத்துக்குக் கொடுத்தார். ஷாப்பூரின் மூன்று முற்றுகைகளைத் தாங்கி நின்ற ஊர் அது. எங்களுக்குப் படையே வேண்டாம், நாங்களே காத்துக்கொள்கிறோம் என்று மக்கள் கெஞ்சினார்கள். ஜோவியன் கேட்கவில்லை. மூன்று நாளில் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று உத்தரவு. வண்டிமாடு இல்லாதவர்கள் வீட்டுச் சாமான்களைப் போட்டுவிட்டு, தூக்க முடிந்ததைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். பலர் அமிதாவில் குடியேறினார்கள். சிரியாக் மொழிக் கவிஞர் எஃப்ரேம் எதெஸ்ஸாவுக்குப் போய்ச் சேர்ந்தார். உயிர்கள் பிழைத்தன. ஊர் திரும்பக் கிடைக்கவில்லை.

## அந்தியோக்கியா என்ன செய்திருக்க வேண்டும்

ஒப்படைப்பைத் தவிர மற்ற மூன்று வழிகளும் இங்கே திறந்திருந்தன. மூன்றையும் பாதி பாதியாக எடுத்தார்கள்.

மதிலில் ஒரு ஓட்டை இருந்தது. மலையுச்சியில், மதிலுக்கு வெளியே ஏறத்தாழ அதே உயரத்தில் ஒரு பெரிய பாறை. ஜஸ்டினியனின் உறவினர் ஜெர்மானஸ் 300 பேரோடு வந்து பார்வையிட்டதும் அதைக் கண்டுபிடித்தார். பாறைக்கும் மதிலுக்கும் நடுவே ஆழமாக வெட்டிப் பிரிக்கலாம், அல்லது பாறை மேலேயே கோபுரம் கட்டி மதிலோடு சேர்க்கலாம் என்றார். கட்டடக்காரர்கள் நேரம் போதாது, பாதியில் விட்டால் பலவீனமான இடத்தை எதிரிக்கு நாமே காட்டியதாகும் என்றார்கள். அப்படியே விட்டார்கள்.

அதற்குப் பிறகு நல்ல பேரம் ஒன்று வந்தது. 1,000 ராத்தல் தங்கம் கொடுத்தால் ரோமானியக் கிழக்கையே விட்டுப் போகிறேன் என்று குஸ்ரோ பிஷப் மெகாஸிடம் சொல்லியிருந்தான். மெகாஸ் ஓடோடி அந்தியோக்கியாவுக்கு வந்தார். அங்கே ஜஸ்டினியன் அனுப்பிய தூதர் ஜூலியன், பேரரசரின் நகரங்களைப் பணம் கொடுத்து வாங்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். மெகாஸ் வெறுங்கையோடு திரும்பினார். ஜெர்மானஸும் கிளம்பிப் போய்விட்டார். வசதி இருந்தவர்களில் பலர் பொருள்களோடு வெளியேறினார்கள். மற்றவர்களும் கிளம்பியிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து லெபனான் பகுதியிலிருந்து 6,000 சிப்பாய்கள் வந்து சேர, நம்பிக்கை பிறந்து தங்கிவிட்டார்கள்.

குஸ்ரோ வந்து மறுபடி அதே 1,000 ராத்தலைக் கேட்டான். பேச வந்த மொழிபெயர்ப்பாளர் பால், சிறுவயதில் அந்தியோக்கியாவிலேயே பள்ளிக்கூடம் போனவர். குறைத்துக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான் என்றுதான் தெரிந்தது. மறுநாள் மக்கள் மதில் மேல் நின்று குஸ்ரோவை ஏசினார்கள், பணம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல வந்த பாலை அம்பெய்து கொல்லவே பார்த்தார்கள்.

தாக்குதல் அந்தப் பாறைப் பக்கம்தான் வந்தது. நிற்க இடம் போதாமல் கோபுரங்களுக்கு நடுவே பலகைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு அதில் நின்று சண்டையிட்டார்கள். பாரம் தாங்காமல் கயிறு அறுந்தது. பலகைகள் விழுந்த சத்தத்தில் மதிலே இடிந்துவிட்டது என்று பக்கத்துக் கோபுரத்தார் ஓடினார்கள். 6,000 பேரும் குதிரையேறி வாசலுக்கு விரைந்ததில் பொதுமக்கள் மிதிபட்டுச் செத்தார்கள். கடைசிவரை தெருவில் கல்லெறிந்து நின்றவர்கள் தேர்ப்பந்தயக் கட்சிகளைச் சேர்ந்த இளைஞர்கள்தான்.

என் முடிவு இது: அந்தியோக்கியா மெகாஸ் வந்த அன்றே கொடுத்திருக்க வேண்டும், கதவை மூடிவைத்துக்கொண்டு. பாறை ஓட்டையை அடைக்க நேரமில்லை என்று தெரிந்த பிறகு எதிர்ப்பு என்ற வழி அந்த ஊருக்கு இல்லை. எதெஸ்ஸாவைப் போல் மதிலும், நம்பகமான தளபதிகளும், ஒருமனப்பட்ட மக்களும் இருக்கும் ஊர் முதலில் எதிர்த்துவிட்டுப் பிறகு பேரம் பேசலாம். நல்ல மதில் இருந்தும் உதவிப்படை வராத ஹிராபோலிஸ் போன்ற ஊர் உடனே பணம் கட்டுவதே சரி. மதிலே இல்லாத ஊருக்கு வெளியேற்றம், எதிரி ஆள வந்தவன் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் ஒப்படைப்பு.

1,000 ராத்தலை மிச்சம் பிடித்த அரசுக்கு வந்த கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தியோக்கியா எரிந்த பிறகு குஸ்ரோ கேட்ட தொகை உடனடியாக 5,000 ராத்தல் தங்கம், அதோடு ஆண்டுதோறும் 500. அந்த உடன்பாடு நிற்கவில்லை, போர் தொடர்ந்தது. 545-இல் ஐந்தாண்டுப் போர்நிறுத்தத்துக்கு மட்டும் ஜஸ்டினியன் 2,000 ராத்தல் கொடுத்தார். அந்தியோக்கியாவின் கைதிகள் அதற்குள் பாரசீகத் தலைநகர் திசிபோனுக்குப் பக்கத்தில் குஸ்ரோ கட்டிய புது நகரத்தில் குடியேற்றப்பட்டிருந்தார்கள். அவர்களை மீட்க 540-லேயே எதெஸ்ஸா மக்கள் நிதி திரட்டியிருந்தார்கள். விலைமாதர்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள், காசில்லாத குடியானவர்கள் கழுதையையோ ஆட்டையோ ஓட்டிவந்து விட்டார்கள். தேவையான அளவு சேர்ந்தும் இருந்தது. ரோமானியத் தளபதி பூசெஸ் அந்தப் பணம் போக விடவில்லை.